பதினைந்து ஆட்டமும் ஒரு தாழ்ப்பாளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறன்று தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் ஒரு தந்தை எழுதிய கடிதத்தைப் படித்தேன். ‘அரையாண்டு விடுமுறையிலும் பிள்ளைகளை விடமாட்டீர்களா?’ என்று தலைப்புக் கொடுத்திருந்தீர்கள். விடுமுறை வந்துவிட்டால் போதும், கூடைப்பந்துப் போட்டி என்று சொல்லிப் பிள்ளைகளை ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போகிறார்கள், பி.டி. வாத்தியாருக்கு நினைவுப்பரிசும் விருந்துச் சாப்பாடும், பிள்ளைக்குச் சளியும் முட்டிவலியும் என்று எழுதியிருந்தார். மனிதர் நொந்துபோய் எழுதியிருக்கிறார் என்பது தெரிகிறது.

நான் 1988 முதல் 2019 வரை சேலத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் அந்த பி.டி. வாத்தியாராக இருந்தவள். அவர் சொல்வதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்பதில்தான் எனக்கும் அவருக்கும் வழக்கு. கடிதம் நீண்டுவிடும். இடம் போதாது என்று வெட்டுவதாக இருந்தால் என்னைப் பற்றிய வரிகளை வெட்டுங்கள்; கழிவறை பற்றிய வரிகளை விட்டுவையுங்கள்.

அந்தக் கடிதம் வெளிவந்த அதே வாரத்தில் என் பழைய மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். பெயர் வேண்டாம், ஒன்பதாம் நம்பர் என்றே சொல்கிறேன். அந்நாளில் பன்னாட்டு விதிப்படி பனியனில் 4 முதல் 15 வரைதான் எண் போடலாம். ஒன்று, இரண்டு, மூன்று என்று நடுவர் விரல் காட்டினால் அது புள்ளியா, ஆட்டக்காரரின் எண்ணா என்ற குழப்பம் வரும் என்பதற்காக அப்படி வைத்திருந்தார்கள். என் ஞாபகத்தில் முப்பது வருடப் பிள்ளைகளும் இந்தப் பன்னிரண்டு எண்களுக்குள்தான் இருக்கிறார்கள். ஒவ்வோர் எண்ணிலும் ஏழெட்டுப் பேர்.

ஒன்பதாம் நம்பர் இப்போது வாழப்பாடிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. அவளுக்கு இரண்டு அழைப்பிதழ்கள் வந்திருக்கின்றன. இரண்டும் அரையாண்டு விடுமுறையில், ஒரே தேதிகளில். முதலாவது வழவழப்பான தாளில் நான்கு பக்கம். பதினாறு அணிகள், நாக்-அவுட் முறை, முதல் பரிசுக்கு ரொக்கம், அட்டையில் ஒரு பெரிய மனிதரின் சிரித்த முகம். இரண்டாவது தட்டச்சு செய்து நகலெடுத்த ஒற்றைத் தாள். எட்டு அணிகள், முதலில் லீக், பிறகு அரையிறுதி. ரொக்கம் கிடையாது, கோப்பையும் சான்றிதழும் மட்டும். அவளுடைய தலைமையாசிரியைக்கு முதலாவதுதான் பிடித்திருக்கிறது. “டீச்சர், எதற்குப் போகட்டும்?” என்று கேட்டாள்.

பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார் என்றேன்.

பதினாறு அணிகள் நாக்-அவுட் ஆடினால் மொத்தம் எத்தனை ஆட்டம்? ஒவ்வோர் ஆட்டத்திலும் ஓர் அணி வெளியேறும். கடைசியில் மிஞ்சுவது ஒன்று. ஆகப் பதினைந்து. அதில் முதல் சுற்றோடு எட்டு அணிகள் மூட்டை கட்டும். கூடைப்பந்து ஆட்டம் பத்துப் பத்து நிமிடமாக நான்கு பகுதி, நாற்பது நிமிடம். களத்தில் ஐந்து பேர். அப்படியானால் ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் கிடைப்பது இருநூறு நிமிட விளையாட்டு. பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் சரிசமமாகப் பங்கு போட்டால் ஆளுக்குப் பதினாறு நிமிடம் நாற்பது விநாடி. ஒரு பகல் பயணம், ஓர் இரவு தங்கல், மறுபடி ஒரு பகல் பயணம், பதினாறு நிமிடம் நாற்பது விநாடி. அதுவும் சமமாகப் பிரித்தால்! எந்தப் பயிற்சியாளர் சமமாகப் பிரிக்கிறார்? நானும் பிரித்ததில்லை. பதினான்காம் நம்பரும் பதினைந்தாம் நம்பரும் பெஞ்சிலிருந்தபடியே ஊர் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள்.

இப்போது அந்த ஒற்றைத் தாளைப் பார். எட்டு அணிகள், இரண்டு பிரிவு, பிரிவுக்கு நான்கு. ஒரு பிரிவில் ஒவ்வொருவரும் மற்ற மூவரோடு மோதினால் ஆறு ஆட்டம். இரண்டு பிரிவுக்கும் பன்னிரண்டு. அரையிறுதி இரண்டு, இறுதி ஒன்று. கூட்டு. பதினைந்து!

தொலைபேசியில் அவள் சிரித்தாள். அதே பதினைந்து ஆட்டம், அதே நடுவர் கூலி, அதே விளக்குச் செலவு. ஆனால் மட்டமாக ஆடிய அணிகூட மூன்று ஆட்டம் ஆடாமல் ஊர் திரும்பாது. ஆளுக்கு ஐம்பது நிமிடம். நடத்துகிறவருக்கு இதில் ஒரே ஒரு நட்டம்தான்: எட்டு அணிகளின் நுழைவுக் கட்டணம் வராது. அதோடு, பதினாறு ஊர்களிலிருந்து அணிகள் வந்தன என்று மேடையில் சொல்லிக்கொள்ள முடியாது. சொந்த ஊரில் சொந்தக் காசில் போட்டி நடத்துகிறவர்களைக் குறை சொல்வது எனக்குப் பிடிக்காத காரியம். கொட்டகை, குடிநீர், நடுவர், சாப்பாடு என்று அவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். நானும் இரண்டு முறை நடத்தி, வளையல் ஒரு ஜோடியை அடகுக்கடையில் வைத்தவள். ஆனாலும் கணக்கு கணக்குதான்.

இந்தக் கணக்கை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

2006ஆம் ஆண்டு மே மாதம். தெற்கே ஓர் ஊர், பெயர் வேண்டாம். பதினெட்டு வருட அனுபவம் இருந்தும் அழைப்பிதழில் இருந்த ஆளுயரக் கோப்பையின் படத்தைப் பார்த்து மயங்கினேன். புதிய பஸ் நிலையத்தில் இரவு பத்தரைக்கு ஏறி, விடிகாலை இறங்கினோம். எங்களைப் போல முந்தின இரவு புறப்பட்டு வந்த அணிகள் ஏழெட்டு இருக்கும். தங்குவதற்கு ஒரு வகுப்பறை. பெஞ்சுகளை மூலையில் அடுக்கியிருந்தார்கள். தரையெல்லாம் சாக்பீஸ் தூள். கழிவறை மைதானத்தின் மறுகோடியில். மூன்று கதவுகள். மூன்றிலும் தாழ்ப்பாள் இல்லை. ஒன்றில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு ஆணி ஓட்டைகள் மட்டும் இருந்தன.

காலை ஏழு மணிக்கு ஆட்டம் என்றார்கள். சிறப்பு விருந்தினர் வரவில்லை. எட்டு, ஒன்பது, பத்து. பிள்ளைகள் உடம்பைச் சூடேற்றிக்கொள்வதும் ஆறவிடுவதுமாக இருந்தார்கள். பன்னிரண்டே காலுக்குப் பந்தை மேலே வீசினார்கள். சிமெண்டுத் தளம் தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. கொடுத்த பந்து ஏழாம் எண், ஆண்களுக்கானது. பெண்களுக்கு ஆறாம் எண் என்று விதி வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கேட்டதற்கு “பந்து பந்துதானே டீச்சர்” என்றார்கள்.

இரண்டாம் பகுதி முடிந்த இடைவேளையில் தண்ணீர்ப் பாட்டிலைச் சுற்றுக்கு விட்டேன். எல்லோரும் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு அடுத்தவளிடம் கொடுத்தார்கள். பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஏதோ ஆட்டக்காரப் பழக்கம், டிவியில் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். மூன்றாம் பகுதியில் ஆறாம் நம்பர் எதிரணி வளையத்துக்கு அடியில், கையில் பந்தோடு, அப்படியே முட்டி மடிந்து உட்கார்ந்தாள். பிறகு சாய்ந்தாள். கன்னத்தைத் தொட்டால் அனலாகச் சுட்டது, வியர்வை இல்லை. உதடு வெடித்துக் காய்ந்திருந்தது.

நிழலுக்குத் தூக்கிக்கொண்டு போய் உப்புப் போட்ட மோர் கொடுத்தோம், பிழைத்தாள். அப்போதுதான் ஒன்பதாம் நம்பர் என் காதோரம் சொன்னாள்: “தண்ணீர் குடித்தால் அங்கே போகவேண்டி வரும் டீச்சர். கதவில் துப்பட்டாவைக் கட்டி வெளியே ஒருத்தி இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். காலையில் எல்லோருக்கும் நான்தான் நின்றேன். ஆட்டத்துக்கு நடுவில் யாரைக் கூப்பிடுவது? அதனால் யாரும் குடிக்கவேண்டாம் என்று பேசி வைத்துக்கொண்டோம்.”

பதினைந்து வயதுப் பிள்ளைகள் மே மாத வெயிலில் தண்ணீர் குடிப்பதில்லை என்று தங்களுக்குள் முடிவு செய்திருக்கிறார்கள். பயிற்சியாளராகிய எனக்குத் தெரியாது. அன்றைக்கு நான் என்ன பாடம் நடத்திக்கொண்டிருந்தேன் தெரியுமா? எதிரணியின் உயரமான பெண்ணை எப்படி மறிப்பது என்று.

34–41 என்று தோற்றோம். அந்த ஆளுயரக் கோப்பையை மேடையில் துணி போர்த்தி வைத்திருந்தார்கள். நாங்கள் பார்த்தது துணியைத்தான்.

ஊர் திரும்பியதும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். அதன்பின் எந்த அழைப்பு வந்தாலும் முதலில் அந்த ஊருக்குத் தொலைபேசி செய்வேன். பரிசு என்ன என்று கேட்டதில்லை. குறைந்தது எத்தனை ஆட்டம் கிடைக்கும்? பிள்ளைகள் எங்கே படுப்பார்கள், அந்த அறைக்கும் கழிவறைக்கும் எத்தனை அடி, நடுவில் விளக்கு இருக்கிறதா? கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா? கடைசிக் கேள்வியைக் கேட்டதும் மறுமுனையில் பெரும்பாலும் ஒரு மௌனம். சிலர் கோபித்துக்கொண்டார்கள். “நாங்கள் என்ன கல்யாணச் சத்திரமா நடத்துகிறோம்?” என்றார் ஒருவர். அந்த ஊருக்கு நான் போகவில்லை. “இருங்கள் டீச்சர், போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்று சொன்னவர்களின் ஊர்களுக்கெல்லாம் போனேன். அப்படிச் சொல்கிறவர் ஆட்டத்தையும் ஒழுங்காக நடத்துவார் என்பது என் அனுபவம். பிக்ஸர், அதாவது யாரோடு யார் மோதுவது என்ற பட்டியல் போடும்போது வந்திருக்கிற பயிற்சியாளர்கள் முன்னிலையில் சீட்டுக் குலுக்குவார். தன் ஊர் அணியை மட்டும் சுலபமான பக்கத்தில் ஒளித்து வைக்கமாட்டார்.

ஏற்காட்டுக் கதையையும் சொல்லவேண்டும்; அதில் முழுத் தப்பும் என்னுடையது. 2011 டிசம்பர் கடைசி வாரம், மலைமேல் ஒரு பள்ளியில் போட்டி. நம் ஊர்தானே, முப்பது கிலோமீட்டர்தானே, முந்தின நாளே போய் என்னத்துக்கு இன்னொருவர் சோற்றைத் தின்பது என்று காலை முதல் பஸ்ஸில் கிளம்பினோம். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றை அடிவாரம் வருவதற்குள் எல்லோரும் தின்று தீர்த்தாகிவிட்டது. இருபது கொண்டை ஊசி வளைவு. எட்டாவது வளைவில் முதல் பிளாஸ்டிக் பை கை மாறியது. பதினைந்தாவதில் என்னிடம் இருந்த எலுமிச்சம்பழம் தீர்ந்தது. மேலே போய் இறங்கியபோது பன்னிரண்டு பேரில் ஏழு பேருக்கு முகம் வெள்ளைத் தாள்.

ஒன்பது மணிக்கு ஆட்டம். பனி இறங்கியிருந்தது, இந்த வளையத்தின் அடியில் நின்றால் அந்த வளையம் தெரியவில்லை. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்தில் டிசம்பர் காலை எப்படி இருக்கும் என்று அம்மாப்பேட்டைப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? பந்து ஈரத்தில் மீன்போல வழுக்கியது. பத்தாம் நம்பர் ஒவ்வொரு முறையும் பந்தை வாங்கிப் பனியனில் துடைத்துவிட்டுத்தான் தட்டினாள். அவள் துடைத்து முடிப்பதற்குள் எதிரணிப் பெண் பந்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். முதல் பகுதி 2–17.

நல்லவேளை, லீக் முறை. நாக்-அவுட்டாக இருந்திருந்தால் அந்த ஈரப் பந்தோடு எங்கள் கதை முடிந்திருக்கும். மறுபடி இருபது வளைவும் இறங்கியிருப்போம். அன்றிரவு அங்கேயே தங்கினோம். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பெட்ஷீட்தான் கொண்டுவந்திருந்தார்கள். விடுதியைப் பார்த்துக்கொண்ட அம்மா எதுவும் கேட்காமல் பன்னிரண்டு கம்பளியைக் கொண்டுவந்து போட்டார். மறுநாள் இரண்டு ஆட்டத்தையும் ஜெயித்தோம். பந்தைத் துடைக்க ஒரு பழைய டர்க்கித் துண்டை இடுப்பில் செருகிக்கொள்ள பத்தாம் நம்பர் தானாகவே கற்றுக்கொண்டாள். நடுவர் விதிப்புத்தகத்தில் அதற்கு இடம் உண்டா என்று யோசித்தார். பிறகு யோசிக்காமல் விட்டுவிட்டார். மலைக்கு எந்தப் போட்டிக்குப் போனாலும் முந்தின மாலையே ஏறிவிடவேண்டும் என்று நோட்டில் சிவப்பு மையில் எழுதி வைத்தேன்.

எந்த ஊர் என்பதைவிட யாரோடு மோதப் போகிறோம் என்பது கனமான கேள்வி. இதில் நான் இரண்டு பக்கமும் விழுந்திருக்கிறேன். ஒரு வருடம் விளையாட்டு விடுதி அணி ஒன்றோடு மோதி 12–71. பெரியவர்களோடு மோதினால்தான் வளர முடியும் என்று வாய்ப்பந்தல் போட்டுத்தான் கூட்டிக்கொண்டு போனேன். அந்த நாற்பது நிமிடத்தில் என் பிள்ளைகள் நடுக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனது பத்துப் பன்னிரண்டு முறை இருக்கும். அதில் என்ன வளர்ச்சி? நான்காம் நம்பர் அடுத்த திங்கட்கிழமை பயிற்சிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன், தறிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். பிறகு வரவே இல்லை. மறுவருடம் பயந்துபோய், கண்ணுக்கு லட்சணமாகச் சுலபமான மூன்று போட்டிகளாகப் பார்த்துப் போனோம். மூன்று கோப்பை. தலைமையாசிரியை அறையில் வரிசையாக வைத்துப் படம் எடுத்தோம். மாவட்டப் போட்டிக்கு முந்தைய படியான குறுவட்டப் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே சரிந்தோம். முழுக் களமும் நெருக்கி மறித்தார்கள். என் பிள்ளைகள் அப்படி ஒன்றை அந்த வருடம் பார்த்ததே இல்லை.

கடைசி நான்கு புள்ளி வரை யாருக்கு வெற்றி என்று தெரியாத ஆட்டம் ஒன்று கிடைத்தால் அதற்காக எட்டு மணி நேரம் பஸ்ஸில் போகலாம். விடுமுறைப் போட்டிக்கு அதைவிட வேறு பயன் எனக்குத் தெரியவில்லை. ஆட்டம் முடிய இருபது விநாடி, ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறோம், யாரும் மறிக்காமல் தனியாக வளையத்துக்கு எறிய ஃப்ரீ த்ரோ கோட்டில் ஒருத்தி நிற்கிறாள், பார்க்கிறவர்கள் ஊளையிடுகிறார்கள். இதை என் பள்ளி மைதானத்தில் எத்தனை மாலை விசில் ஊதினாலும் என்னால் உண்டாக்க முடியாது.

சென்னை, கோவைப் பயிற்சியாளர்களுக்குப் பக்கத்திலேயே அணிகள் இருக்கின்றன. விடுமுறை என்றால் சேலத்துக்காரருக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. என் பிள்ளைகளில் பாதிப் பேர் தறி வீடு, மீதியில் பாதி கொலுசுப் பட்டறை வீடு. பள்ளி விடுமுறை என்றால் வீட்டில் இரண்டு கை கூடுதல். பதினோராம் நம்பரின் அம்மா பட்டறை வாசலில் நின்று நேராகவே கேட்டார்: “நான்கு நாள் கூட்டிக்கொண்டு போனால் நான்கு நாள் கூலி போய்விடும். கோப்பையை உருக்கினால் எவ்வளவு தேறும் டீச்சர்?” வெள்ளியோடு புழங்குகிறவர் கேட்ட கேள்வி, அது பித்தளைகூட இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பிறகு ஈரோடு, நாமக்கல் பக்கம் காலையில் போய் இரவு வீடு திரும்பும் போட்டிகளாகத் தேட ஆரம்பித்தேன். பதினோராம் நம்பர் பகலில் ஆடிவிட்டு, இரவு எட்டு மணிக்குமேல் உட்கார்ந்து கொலுசுக்கு மணி கோத்தாள். அவள் விரல் நடுங்கி நான் பார்த்ததில்லை, ஃப்ரீ த்ரோ கோட்டிலும் சரி.

காலாண்டு விடுமுறையில் நவராத்திரி வரும், வீட்டில் கொலு. சரஸ்வதி பூசைக்குப் பிள்ளை வீட்டில் இல்லாவிட்டால் பாட்டிமார்கள் என்னைத்தான் சபிப்பார்கள். அரையாண்டில் கிறிஸ்துமஸ், எந்த வருடமும் அணியில் இரண்டு மூன்று கிறிஸ்தவப் பிள்ளைகள் உண்டு. இருபத்தைந்தாம் தேதி ஆட்டம் வைக்கிற போட்டியை நான் தொட்டதே இல்லை. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு உள்ளூர் விடுமுறை கிடைத்தால் அன்று ஊரைத் தாண்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளையை அரையாண்டுக்குப் பிறகு எங்கும் கூட்டிக்கொண்டு போகக்கூடாது என்பது நான் எனக்கே போட்டுக்கொண்ட விதி. ஒரே ஒரு முறை மீறினேன். அவள் கணக்கில் வாங்கிய மதிப்பெண்ணை இங்கே எழுத மாட்டேன்.

என் தங்கை பேத்தி அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளியில் ஆடுகிறாள். அங்கே கிறிஸ்துமஸ் வாரப் போட்டி என்பது பெரிய திருவிழா. அந்த மாநிலத்தில் பான்டியாக் என்ற சிற்றூரில் பையன்களுக்கான விடுமுறைப் போட்டி 1926இல் தொடங்கியதாம். விளையாட்டு பிறந்ததே 1891 டிசம்பரில்தான். மாசசூசெட்ஸில் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர் பீச் பழக்கூடையை உடற்பயிற்சிக்கூடத்து மாடிக் கைப்பிடியில் அடித்துத் தொடங்கினார். முப்பத்தைந்து வருடத்தில் ஒரு சிற்றூர் அதைத் தன் ஊர்ப் பண்டிகையாக ஆக்கிக்கொண்டிருக்கிறது பாருங்கள். அங்கே பள்ளி ஆட்டம் எட்டு எட்டு நிமிடமாக நான்கு பகுதி. நவம்பரில் பருவம் தொடங்குவதால் கிறிஸ்துமஸ் நட்டநடுவில் வருகிறது. பாதிப் பருவத்தில் அணி எங்கே இருக்கிறது என்று உரசிப் பார்க்கத்தான் பயிற்சியாளர்கள் போகிறார்கள். முதல் ஆட்டத்தில் தோற்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவதில்லை. தோற்ற அணிகள் தங்களுக்குள் மோதிக்கொள்ள இன்னொரு கிளை வைப்பது அங்கே சாதாரண வழக்கம். ஒரு பருவத்தில் இத்தனை ஆட்டத்துக்குமேல் கூடாது என்று மாநிலச் சங்கங்கள் உச்சவரம்பும் வைத்திருக்கின்றன. கடிதம் எழுதிய தந்தை அங்கே இருந்தால் அந்த உச்சவரம்பைக் கட்டிப் பிடித்துக்கொள்வார். எனக்கும் அது வேண்டும்தான். ஆனால் எங்கள் பிள்ளைகள் வருடம் முழுக்க ஆடுவதே பத்து ஆட்டமோ பதினைந்து ஆட்டமோதான். எங்களுக்கு முதலில், குறைந்தது இத்தனை ஆட்டம் என்ற கீழ்வரம்பு வேண்டும். உச்சவரம்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அந்தத் தந்தை சொன்ன உண்மைப் பாதிக்கு வருகிறேன். நினைவுப்பரிசுக்கும் சால்வைக்கும் போகிற பயிற்சியாளர்கள் இல்லை என்று சூடம் அணைக்க மாட்டேன். இருக்கிறார்கள். ‘நீ என் போட்டிக்கு வா, நான் உன் போட்டிக்கு வருகிறேன்’ என்று மொய் எழுதுவதுபோல நடக்கிறது. பிள்ளையின் முட்டி வீங்கியிருந்தாலும், வாக்குக் கொடுத்துவிட்டேனே என்று இறக்குகிறவர்கள் உண்டு. வயது தாண்டியவர்களையும் வேறு பள்ளிப் பிள்ளைகளையும் தங்கள் பள்ளிப் பனியனில் இறக்கி ஜெயிக்கிறவர்களும் உண்டு. பெற்றோரிடம் ‘சான்றிதழ் கிடைக்கும், பொறியியல் சீட் கிடைக்கும்’ என்று ஆசை காட்டுகிறவர்கள்மேல்தான் எனக்கு ஆத்திரம் அதிகம். பொறியியல் சேர்க்கையில் விளையாட்டு ஒதுக்கீடு 500 இடம் என்பது உண்மை. அதற்கு ஏணி வேறு: குறுவட்டம், மாவட்டம், மாநிலம், தேசியம் என்று முறையாக ஏறவேண்டும். ஏதோ ஓர் ஊர் கூப்பிட்டு நடத்திய போட்டியின் சான்றிதழை நம்பி அந்த வரிசையில் போய் நிற்க முடியாது. விடுமுறைப் போட்டி அந்த ஏணிக்கு நம்மைத் தயார்செய்யும்; அது ஏணி ஆகாது. பெற்றோர்கள் இதைப் பயிற்சியாளரிடம் வாய்விட்டே கேட்கவேண்டும். கேட்கப்படுகிற பயிற்சியாளர் கொஞ்சம் ஒழுங்காக இருப்பார். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முட்டிவலியைப் பற்றி ஒரு வார்த்தை. அதற்குப் பெரும்பாலும் காரணம் தளம். காரை பெயர்ந்த சிமெண்டில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் ஆடினால் எந்த முட்டியும் வீங்கும். ஒரு நாளைக்கு ஓர் அணிக்கு எத்தனை ஆட்டம் என்பதும் கேட்கவேண்டிய கேள்விதான்.

தங்களிடமும் ஒரு முறையீடு இருக்கிறது ஆசிரியர் அவர்களே. தங்கள் மாவட்டப் பக்கத்தில் போட்டி அறிவிப்புகள் வருகின்றன. யார் தொடங்கி வைக்கிறார், யார் தலைமை, யார் முன்னிலை, பரிசு எவ்வளவு என்று எட்டு வரி. எத்தனை அணிகள், நாக்-அவுட்டா லீக்கா, பெண் பிள்ளைகளுக்குத் தங்க இடம் எங்கே என்று ஒன்பதாவது வரி ஒன்று சேர்த்தால் என்ன? அந்த வரியைக் கேட்டு வாங்க உங்கள் நிருபர் ஒருமுறை தொலைபேசினால் போதும். நடத்துகிறவர் அன்று மாலையே கழிவறைப் பக்கம் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவார். உங்கள் இதழின்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. 2021இல் சென்னைக் கூடைப்பந்து வீராங்கனை அனிதா பால்துரைக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது நாளிதழில் வந்த படத்தைக் கத்தரித்து ஒன்பதாம் நம்பருக்கு அனுப்பி வைத்தேன். அவள் பள்ளியில் பந்து வைக்கிற அலமாரிக் கதவில் அது இன்னும் ஒட்டியிருக்கிறது. ஆசியச் சாம்பியன்ஷிப்பில் ஒன்பது முறை ஆடியவர் என்று அதன்கீழே ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருக்கிறாள்.

நான் கணக்குப் போட்டுக் காட்டியும் ஒன்பதாம் நம்பர் உடனே பதில் சொல்லவில்லை. தலைமையாசிரியையிடம் பேசவேண்டும் என்றாள். நான்கு நாள் கழித்து நேற்றிரவு அழைத்தாள். விடுமுறை நாளில் பஸ் ஏறி அந்த ஒற்றைத் தாள் ஊருக்கே நேரில் போய் வந்திருக்கிறாள். தளம் பரவாயில்லையாம், ஒரு வளையம் அரை விரல் சாய்ந்திருக்கிறதாம், சரிசெய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆறாம் எண் பந்து இரண்டு இருக்கிறதாம்.

“மூன்று கழிவறை டீச்சர். இரண்டில் தாழ்ப்பாள் இருக்கிறது. மூன்றாவதற்கு நானே கடைவீதியில் ஒன்று வாங்கிக்கொண்டு போய் வாட்ச்மேன் ஐயாவிடம் கொடுத்து அடிக்கச் சொல்லிவிட்டேன். அவர் அடித்து முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.”

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
அம்மாப்பேட்டை, சேலம்.